நடராஜர் காலை மாற்றியது யார்? கைவினைப் பட்டறையில் நடக்கும் சிரிப்புத் துப்பறியும் கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

துப்பறியும் கதை என்றாலே பிணம், ரத்தம், இன்ஸ்பெக்டர் என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஒரு கைவினை மையம், அங்கே ஒரு சின்ன விபரீதம், அதை மூக்கை நுழைத்துக் கண்டுபிடிக்கும் ஒரு சாதாரண ஆள், இது போதும். ஆனால் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. கைவினை மையம் வெறும் பின்னணிப் படமாக நிற்கும், கதையைத் தூக்கி ஒரு பேங்க்கிலோ கல்யாண மண்டபத்திலோ வைத்தாலும் ஒரு வரி மாறாது. அப்படி இருந்தால் அந்த மையம் எதற்கு? தடயம் அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும், சிரிப்பும் அந்தத் தொழில் செய்யும் மனிதர்களிடமிருந்தே வர வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. சும்மா விதிகளாகச் சொன்னால் கையில் நிற்காது என்பதால், சுவாமிமலையில் நடக்கும் ஒரு கதையை உங்களோடு சேர்ந்து முதலிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன்.

1. முதலில் தொழில், அப்புறம்தான் கதை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலை, முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. உலோகச் சிலை வார்ப்புக்கும் அந்த ஊர் பேர் பெற்றது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அங்கே மெழுகு வார்ப்பு முறைதான். வேலை எப்படி நடக்கிறது என்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கட்டமும் உங்களுக்கு ஒரு தடயம் தரப் போகிறது.

தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவு தாலக் கணக்கில் (முகத்தின் நீளத்தை அலகாக வைத்துப் போடும் கணக்கு) போகும், அதற்குத் தென்னை ஓலையை மடித்து அளவுகோலாக்கிக்கொள்வார்கள். மெழுகு உரு முடிந்ததும் அதன் மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். சிலையின் நகை வேலைப்பாடு, விரல் நகம் வரைக்கும் பதிவது இந்த முதல் பூச்சில்தான். நிழலில் காய்ந்த பிறகு மேலே மேலே கனமான மண் பூச்சு, பெரிய சிலையானால் கம்பி கட்டு. அப்புறம் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், உள்ளே வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறவிட்டு, மண்ணை உடைத்தால் சிலை. உளியும் அரமும் கொண்டு நகாசு வேலை அதற்குப் பிறகு. கடைசியில் கண் திறப்பு, அதற்குத் தங்க உளியும் வெள்ளிச் சுத்தியலும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு.

இதில் கதை எழுதுபவர் துள்ளிக் குதிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, மண் பூசிய நிமிஷத்திலிருந்து அதை உடைக்கும் வரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராலும் பார்க்க முடியாது. துப்பறியும் கதைக்காரர்கள் பூட்டிய அறைக்காகத் தவம் கிடக்கிறார்கள், இங்கே தொழிலே ஒரு பூட்டிய அறையைச் செய்து கொடுத்துவிடுகிறது. இரண்டு, மண் அச்சை உடைத்தால்தான் சிலை வரும், மெழுகு உருவும் போய்விட்டிருக்கும். முன்னால் என்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே மிஞ்சாது.

வேறு ஊர் உங்களுக்கு நெருக்கம் என்றால் அதை எடுங்கள். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவைக்கு (உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் புடவை) தறியில் நெய்பவரோடு இன்னொரு கை வேண்டும், ஆகவே "ராத்திரி நான் தனியாத்தான் நெய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய். பத்தமடைப் பாய்க்குக் கோரையை நாள் கணக்கில் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், முந்தாநாள் அறுத்த கோரையில் நேற்று பாய் வந்திருக்க முடியாது. தஞ்சாவூர் ஏகாண்ட வீணை ஒரே பலா மரத்தில் குடைந்தது, அதில் ஒட்டுக் கோடு தெரிந்தால் ஆள்மாறாட்டம். எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு உண்மை ஒளிந்திருக்கும், ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்தால் அகப்படும்.

2. குற்றம் சின்னதாக இருக்கட்டும், பயம் பெரிதாக இருக்கட்டும்

நம் கதையில் குற்றம் இதுதான்: ஒரு கிராமத்துக் கோயிலுக்காக முக்கால் அடி நடராஜர் வார்க்கிறார்கள். ஊரே கூடி நிற்க மண்ணை உடைக்கிறார்கள். உள்ளேயிருந்து வலது காலைத் தூக்கிய நடராஜர் வருகிறார்.

நடராஜர் தூக்குவது இடது கால். வலது கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கும். ஸ்தபதி மெழுகில் செய்தது இடது காலைத் தூக்கிய உருவம், பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். மண்ணுக்குள் போய்விட்டுச் சாமி காலை மாற்றிக்கொண்டாரா?

இதில் ஒருத்தருக்கும் காயமில்லை, ஒரு பைசா திருட்டுமில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் சிலை மாறியது என்ற பேச்சு வந்தாலே வயிற்றைக் கலக்கும், அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரத்து நடராஜர் 1950களில் பழுது பார்க்கக் கொடுக்கப்பட்டு, திரும்பி வந்தது நகல். அசல் வெளியே போய்விட்டது. கோயிலில் இருப்பது நகல் என்று 1965ல் பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட் எழுதினார், அசல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் வரை போய் 1986ல்தான் திரும்பியது. இந்தச் சம்பவத்தை அப்படியே கதையாக்க வேண்டாம், அது வேறு வகைக் கதை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பாத்திரங்கள் அதை நினைவில் வைத்திருக்கட்டும். கோயில் தர்மகர்த்தா "இதுவும் சிவபுரம் மாதிரி ஆயிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பட்டறையே உறைந்துவிடும். குற்றம் கைப்பிடி அளவு, அச்சம் ஊர் அளவு. சிரிப்புக் கதையைத் தூக்கி நிறுத்துவது இந்த இடைவெளிதான்.

போலீஸ் ஏன் வரவில்லை என்று வாசகர் கேட்பார். அமெச்சூர் துப்பறிவாளர் கதை எழுதும் எல்லோரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நமக்குப் பதில் சட்டத்திலேயே கிடைக்கிறது: 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்குக் குறையாத சிலைகளைத்தான் தொல்பொருள் என்கிறது. நேற்று வார்த்த சிலையை எடுத்துக்கொண்டு தர்மகர்த்தா ஸ்டேஷனுக்குப் போனால், ரைட்டர் "சிலை காணலையா?" என்பார், "இல்லீங்க, இருக்கு." "உடைஞ்சிருச்சா?" "இல்லீங்க, காலு மாறிருச்சு." இந்த ஒரு பக்கக் காட்சியை எழுதிவிடுங்கள், போலீஸை வெளியே வைத்த மாதிரியும் ஆச்சு, முதல் சிரிப்பு வந்த மாதிரியும் ஆச்சு.

3. துப்பறிபவரை மையத்துக்குள்ளேயே தேடுங்கள்

ஸ்தபதியைத் துப்பறிபவராக்காதீர்கள். அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரிந்தவர் கேள்வி கேட்க மாட்டார். வெளியூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரரும் வேண்டாம், அவருக்கு எதுவுமே தெரியாது, பாதிக் கதை விளக்கத்திலேயே போய்விடும். நடுவில் ஒருவர் வேண்டும்.

நான் எடுப்பது மையத்தில் கணக்கு எழுதும் ஐம்பத்தைந்து வயது அம்மாள். ஓதுவார் வீட்டுப் பெண், தேவாரம் மனப்பாடம், உளியைத் தொட்டதில்லை. மெழுகு எத்தனை கிராம், செம்பு எத்தனை கிலோ, டீ எத்தனை என்று எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். எல்லோரும் "அக்கா" என்பார்கள், சென்னையிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன் மட்டும் "ஆன்ட்டி" என்பான், ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கும். அவர் துப்பறியக் கிளம்புவதற்கு ஒரு சொந்தக் காரணம் கொடுங்கள். ஊர் மானம், நீதி என்றெல்லாம் பெரிதாகப் போக வேண்டாம். அவர் கணக்கில் ஒரு கிலோ உலோகம் இடிக்கிறது, அது நேராகாமல் அவருக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான். இதைவிட உறுதியான காரணம் ஒரு கணக்கெழுதுபவருக்கு எதற்கு?

4. சந்தேகத்துக்குரியவர்கள்: ஆளுக்கொரு பொய்

நாலு பேர் போதும். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறைக்க வேண்டும், ஆனால் அது நம் குற்றமாக இருக்கக்கூடாது, ஒருவரைத் தவிர.

ஸ்தபதி ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊரில் இல்லை. போகும்போது மெழுகு உருவை முடித்து, முதல் மண் பூச்சை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். உதவியாளரோ மே மாசம், ஐபிஎல், கும்பகோணத்துக்கு நண்பன் வீட்டுக்கு மேட்ச் பார்க்கப் போய்விட்டு, பூச்சு வேலையைப் பயிற்சிக்கு வந்த பையனிடம் தள்ளிவிட்டார். இப்போது "நான்தான் பூசினேன்" என்று சத்தியம் செய்கிறார். ஷோரூம் விற்பனையாளர் அதே சிலையை வேறொருவருக்கும் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார், ஆகவே கேள்வி கேட்டாலே வியர்க்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் ஸ்தபதியின் பங்காளி, பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை, ஆனால் ராத்திரியில் சுவர் ஏறி வந்து அண்ணன் கை வேலையைப் பார்த்து ரசித்துவிட்டுப் போவது அவர் ரகசியம் (இந்தப் பாத்திரத்தை நன்றாகக் கவனித்து எழுதுங்கள், கதையிலேயே நெகிழ்ச்சியான இடம் இவரிடம்தான் வரும்). நாலாவது, சென்னைப் பையன். அனிமேஷன் படித்தவன், கையில் நல்ல திறமை, கோயில் பக்கம் அதிகம் போனதில்லை.

5. நடந்தது என்ன: இதை முதலில் எழுதி வையுங்கள்

கதையைத் தொடங்கும் முன் நடந்ததை நடந்த வரிசையில், ஒரு தாளில், சுவையே இல்லாமல் எழுதிவிடுங்கள். வாசகர் பார்க்கும் வரிசை வேறு, அதை இன்னொரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அத்தியாயம் பிரிக்க வேண்டும்.

நம் கதையில் நடந்தது இது. வெயில் காலத்தில் மெழுகு உரு இளகிவிடாமல் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். ஸ்தபதி ஊருக்குப் போன அன்று பையன் அதை வெளியே எடுத்து, ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சத்தில் வைத்து, தன் முகத்தோடு ஒரு செல்ஃபி எடுத்தான். ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டு டிகிரி காபி குடிக்கப் போனான். மே மாச வெயில். திரும்பி வந்தால் நடராஜர் உட்கார்ந்துவிட்டார். அழுகையோடு அந்த மெழுகையே மறுபடி காய்ச்சி, மூன்று நாள் ராப்பகலாக உட்கார்ந்து, கையிலிருந்த ஒரே படத்தைப் பார்த்துப் புது உரு செய்தான். அந்தப் படம் முன் கேமராவில் எடுத்தது, அவன் போன் அதைக் கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்திருந்தது. செய்து முடித்து, அவசரமாக மண்ணைப் பூசி மறைத்துவிட்டான்.

பாருங்கள், அந்த ஒரு செல்ஃபியே நாசத்தையும் செய்தது, தவறையும் செய்தது, பின்னால் சாட்சியாகவும் நிற்கப் போகிறது. ஒரே செயலுக்கு இப்படி மூன்று வேலை கொடுக்க முடிந்தால் கதை இறுகிவிடும். மூன்று வேலைக்கு மூன்று தற்செயல்களைக் கொண்டுவந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

6. தடயங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று தடயம் போதும், மூன்றும் வேறு வேறு அறிவைக் கேட்கட்டும்.

முதல் தடயம் எடை. மெழுகு உருவை எடை போட்டுத்தான் எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள், ஏறக்குறைய எட்டிலிருந்து ஒன்பது மடங்கு வரும், வழிந்து போவதற்கும் குழாய் வாய்க்கும் கூடுதலாகக் கொஞ்சம். நோட்டில் மெழுகு அரைக்கிலோ என்று இருக்கிறது, அப்படியானால் சிலை நாலு, நாலேகால் கிலோ வர வேண்டும். வந்த சிலையோ மூன்றேகாலை ஒட்டி நிற்கிறது, ஒரு கிலோவுக்குக் கிட்டத்தில் உலோகம் உருக்கும் மூசையிலேயே மிஞ்சிவிட்டது. வார்ப்புக் காட்சியில் இதை ஒரே வரியில் போடுங்கள், "என்னடா இவ்வளவு மிஞ்சுது" என்று யாரோ சொல்ல, அதற்குள் தர்மகர்த்தாவின் வேட்டி நுனியில் பொறி பட்டு ஒரு களேபரம். வாசகர் வேட்டியைப் பார்ப்பார், உலோகத்தை மறந்துவிடுவார். தடயத்தை மறைக்கச் சிரிப்பைவிட நல்ல போர்வை கிடையாது. எடை குறைந்ததால் அக்காவுக்குப் புரிவது: மண்ணுக்குள் போனது ஸ்தபதி எடை போட்ட அந்த உரு இல்லை, வேறொன்று.

இரண்டாவது, தோடு. இதற்கு முன்னால் ஒரு நல்ல திசைதிருப்பல் வேண்டும், அது தானாகவே கிடைக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கித்தான் ஆடுகிறார். ஆகவே கோயில் குருக்கள் பரவசப்பட்டு "இது கால் மாறி ஆடின கோலம், சுவாமி சித்தம்" என்று சொல்லிவிடுகிறார், ஊரில் பாதிப் பேர் கற்பூரம் வாங்க ஓடுகிறார்கள், விற்பனையாளர் விலையைக் கூட்டலாமா என்று யோசிக்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடும் போல இருக்கும்போது அக்கா சிலையின் காதைப் பார்க்கிறார். சிவனுக்கு வலது காதில் குழை, இடது காதில் தோடு, இடப் பாகம் அம்மையுடையது. சம்பந்தர் தேவாரத்தின் முதல் பதிகமே தோடணிந்த செவியைச் சொல்லித்தான் தொடங்குகிறது, ஓதுவார் வீட்டுப் பெண்ணுக்கு அது மூச்சு மாதிரி. இந்தச் சிலையில் தோடு வலது காதில் இருக்கிறது.

"அண்ணே, சாமி கால மாத்திக்கிட்டாருன்னே வச்சுக்குவோம். அம்மாவையுமா பக்கம் மாத்துவாரு?"

ஸ்தபதி பதில் சொல்லாமல் சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அப்புறம்தான் கவனிக்கிறார்கள், உடுக்கை இடது மேல் கையில் இருக்கிறது, தீ வலது மேல் கையில். கால் மட்டும் மாறவில்லை, மொத்த உருவமும் இடம் வலமாக மாறியிருக்கிறது.

மூன்றாவது, படம். கதையின் ஆரம்பத்திலேயே பையன் தன் போன் முகப்புப் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறான். அவன் முகம்தான் பெரிதாக இருக்கிறது, சிலை ஓரத்தில் சின்னதாகத்தான், ஆனால் முழுசாகத் தெரிகிறது, பின்னால் மையத்தின் பெயர்ப்பலகை. உதவியாளர் "என்ன தம்பி, போர்டுல ஒரு எழுத்தும் படிக்க முடியலையே, எந்த பாஷை?" என்று கிண்டல் செய்கிறார். அங்கே விட்டுவிடுங்கள், திரும்ப அந்தப் பக்கமே போகாதீர்கள். முடிவில் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, அந்தப் படத்தை இன்னொரு தடவ காட்டு."

துணைக்கு ஜன்னல் திண்டில் வழித்தெடுத்த மெழுகுக் கறையையும் வைக்கலாம். கட்டாயமில்லை.

7. சிரிப்பு எங்கிருந்து வரும்

தொழிலைக் கேலி செய்து சிரிப்பு வரவழைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைமுறை தலைமுறையாக நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் கை வேலை நகைச்சுவைப் பொருள் இல்லை. ஸ்தபதி கோபக்காரராக இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், பங்காளியோடு பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசலாம், ஆனால் மெழுகைத் தொட்டால் அவர் கை தப்பாது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அந்த மரியாதை இருந்தால்தான் கால் மாறிய சிலை ஒரு அதிர்ச்சியாக நிற்கும்.

அப்போ சிரிப்பு? ஒரு சின்ன விஷயத்தை எல்லோரும் தத்தமது தொழில் கண்ணால் பார்ப்பதிலிருந்து வரும். குருக்களுக்கு அது சித்தம், விற்பனையாளருக்கு விலை, தர்மகர்த்தாவுக்குச் சதி, பங்காளிக்கு அண்ணன் மூப்படைந்துவிட்டார் என்ற கவலை, அக்காவுக்கு ஒரு கிலோ. இவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு தம்ளர் காபி கொடுங்கள், உரையாடல் தானாக ஓடும். பேச்சை அந்த ஊர்ப் பேச்சாகவே எழுதுங்கள், வர்ணனையை எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கலந்தால் வாசகர் தடுமாறுவார். ஒரு வேடிக்கையை மூன்று தடவைக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். "ஆன்ட்டி" விஷயத்தை மூன்றாவது தடவை பையனே திருத்திக்கொண்டு "அக்கா" என்று சொல்லும்போது, அவன்தான் குற்றவாளி என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

8. வெளிப்படுத்தும் காட்சி

எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து விரல் நீட்டும் காட்சி வெள்ளைக்காரர் மாளிகைக்குச் சரி, பட்டறைக்கு ஒட்டாது. பதினெட்டு வயதுப் பையனை ஊர் முன்னால் நிறுத்தினால் வாசகருக்கு அக்காவையே பிடிக்காமல் போய்விடும். அவர் அவனைத் தனியாகக் கூப்பிடட்டும். கணக்கு நோட்டைத் திறந்து "மெழுகு நானூறு கிராம்னு நான் திருத்திக்கட்டுமா, இல்ல நீ சொல்றியா?" என்று கேட்கட்டும். மீதியை அவனே சொல்வான். அதற்குப் பிறகு அவனே ஸ்தபதியிடம் போக வேண்டும், அந்தக் காட்சியில் அக்கா வாசலில் நின்றால் போதும்.

ஸ்தபதி என்ன செய்வார்? இங்கே எழுதுபவர் நிதானிக்க வேண்டும். உடனே மன்னித்தால் கதை நீர்த்துவிடும், விரட்டினால் சிரிப்புக் கதை செத்துவிடும். என் முடிவு: அவர் சிலையைப் பார்த்து முதலில் திட்டுகிறார், நீளமாக. அப்புறம் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியப் பாத்து மூணு நாள்ல இத செஞ்சியா?" என்று கேட்கிறார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பங்காளி, பத்து வருஷத்தில் முதல் தடவையாக, "பய கை நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்கிறார். அவர் ராத்திரி சுவர் ஏறி வந்தது இதனால் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது.

சிலை என்ன ஆகும் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். கண் திறக்காத சிலை, பிரதிஷ்டை ஆகாதது, அதை மறுபடி உருக்கலாம். தர்மகர்த்தா சிவபுரத்தை மறக்க வேண்டுமானால், மெழுகு எடை போடுவதிலிருந்து மண் பூசுவது வரை அவரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துச் செய்ய வேண்டும், அவர் தினமும் டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்து எல்லோரையும் வேலை வாங்குவது ஒரு நல்ல கடைசிக்கு முந்தைய அத்தியாயம்.

9. எழுதி முடித்த பிறகு

சிறுகதையாக இதை ஐயாயிரம் வார்த்தைக்குள் அடக்கலாம், அப்போது விற்பனையாளரை எடுத்துவிடுங்கள், அவர் இல்லாமலும் கதை நிற்கும். குறுநாவல் என்றால் நாலு பேரும் வேண்டும். மண் உடைக்கும் காட்சி முதல் அத்தியாயத்திலேயே வரட்டும், செய்முறை விளக்கத்தை அதற்கு முன்னால் கொட்டாதீர்கள், அக்கா விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சொல்வதாகவே அது வந்துவிடும்.

அப்புறம் முதல் வாசிப்புக்கு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்தத் தொழில் செய்பவர், அவர் எங்கே புருவத்தைத் தூக்குகிறார் என்று பாருங்கள், அந்த வரியை மாற்றுங்கள். இன்னொருவர் தொழிலே தெரியாதவர், அவரிடம் ஆறாவது அத்தியாயத்தோடு நிறுத்தி "யார் செஞ்சிருப்பா?" என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் செல்ஃபிக் காட்சியை இன்னும் முன்னால் தள்ளி, பலகைக் கிண்டலை ஒரு வரி குறையுங்கள். பங்காளியைச் சொன்னால் நீங்கள் பிரசுரத்துக்கு அனுப்பலாம்.